மாட்டிக்கிட்டு நிக்குறதுக்குன்னே சில கேம்ஸ்

ஒரு கேம பாதிக்கு மேல வாக்த்ரூ, அதாவது எங்க என்ன பண்ணணும்னு வேற ஒருத்தன் காட்டுற வழிகாட்டிய, பாத்தே முடிச்சா, அத ஆடுன கணக்குல சேக்கலாமா கூடாதா? ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குற விஷயம் இது. ஷூட்டிங் கேம், ரேஸ் கேம்லலாம் இந்த பஞ்சாயத்தே வராது, யூடியூப்ல எத்தன வீடியோ பாத்தாலும் கடைசில சுடுறது நீங்கதான், வண்டி ஓட்டுறது நீங்கதான். ஆனா மௌஸால கிளிக் பண்ணி புதிர விடுவிச்சு கதைய நகத்துற பாயின்ட் அண்ட் கிளிக் அட்வென்ச்சர்ல ஆடுறதுன்னாலே யோசிக்கிறதுதான், அதையும் வேற எவனோ யோசிச்சு எழுதி வெச்சிருக்கான், நாம அவன் சொன்ன எடத்துல கிளிக் பண்ணிட்டு போறோம்னா அப்புறம் நம்ம வேலன்னு அங்க என்ன மிஞ்சுது, மௌஸ நகத்துறது மட்டும்தான.

இத கிளப்பி விட்டது என் சித்தி பையன். கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கிறான், ஹாஸ்டல்ல எந்நேரமும் வாலரண்ட்ங்கிற ஷூட்டிங் கேம், அது சலிச்சுப் போயி எனக்கு மெசேஜ் போட்டான், "அண்ணா, கத நல்லா இருக்குற அட்வென்ச்சர் கேமா ஒண்ணு சொல்லுங்க, ஆனா என் லேப்டாப்ல கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, அதுல ஓடணும்". அந்த ரெண்டாவது கண்டிஷன படிச்சதும் எனக்கு ஒரே குஷி. இப்ப வர்ற பெரிய கேம்லாம் ஒரு மாச சம்பளத்துக்கு கார்டு கேக்குது, இந்த பழைய அட்வென்ச்சர்ஸ் மட்டும்தான் ஆபீஸ்ல தூக்கிப் போட்ட லேப்டாப்ல கூட நிம்மதியா ஓடும். யோசிக்காம ப்ரோக்கன் சோர்ட் முதல் பாகத்த சொன்னேன். 1996ல ரெவல்யூஷன் சாஃப்ட்வேர் போட்டது. பாரிஸ்ல ஒரு கஃபே, க்ளவுன் வேஷத்துல ஒருத்தன் உள்ள போறான், ஒரு பெட்டிய தூக்கிட்டு ஓடுறான், அவன் விட்டுட்டு போன அக்கார்டியன் வெடிக்குது, வெளிய காபி குடிச்சிட்டு இருந்த அமெரிக்க டூரிஸ்ட் ஜார்ஜ் ஸ்டோபார்ட் எந்திரிச்சு தூசிய தட்டிட்டு துப்பறிய கெளம்பிடுறான். அதுவும் 2009ல வந்த டைரக்டர்ஸ் கட் வேணாம், ஒரிஜினலதான் ஆடணும்னு கண்டிஷன் வேற போட்டேன், எனக்கு அந்த விஷயத்துல கொஞ்சம் பிடிவாதம் ஜாஸ்தி.

அடுத்த தடவ பேசுறப்ப முடிச்சுட்டேன்னான். "செமண்ணா, கத பிரமாதம். அந்த ஆடு வர்ற எடத்துல மட்டும் மாட்டிக்கிட்டேன், அங்கேர்ந்து யூடியூப பக்கத்துல ஓடவிட்டு அப்படியே முடிச்சாச்சு". ரொம்ப சந்தோஷமா சொல்றான். எனக்குதான் என்ன சொல்றதுன்னு தெரியல, கத புடிச்சிருக்கு, ஆளுங்கள புடிச்சிருக்கு, கடைசி வரைக்கும் பாத்திருக்கான், அப்புறம் எனக்கு என்னதான் பிரச்சன?

அந்த ஆடு

ஆடாதவங்களுக்கு சொல்லிடறேன். அயர்லாந்துல லாக்மார்ன்னு ஒரு ஊரு, அங்க இடிஞ்சு கெடக்குற கோட்ட, சுவரேறி குதிச்சா உள்ள தோண்டிப் போட்ட பள்ளம், அதுக்குள்ள எறங்கணும். காவலுக்கு ஒரு ஆடு கட்டியிருக்கு. கிட்ட போனா முட்டித் தள்ளும். எந்திரிச்சு மறுபடி போனா மறுபடி முட்டும். பையில இருக்குற ஒவ்வொரு சாமானா எடுத்து ஆட்டுக்கு காட்டிப் பாப்போம், ஒண்ணும் நடக்காது. விட என்னன்னா, முதல்ல போயி முட்டு வாங்கணும், ஜார்ஜ் எந்திரிக்கிறப்ப ஆடு பழைய எடத்துக்கு நடந்து போகும் பாருங்க, அந்த ஒண்ணு ரெண்டு செகண்டுக்குள்ள இந்தப் பக்கம் கெடக்குற பழைய விவசாய மிஷின கிளிக் பண்ணணும். ஆடு துரத்திட்டு வந்து சங்கிலியோட அதுல சிக்கிக்கும்.

கேட்டா சின்ன விஷயம்தான். ஆனா அது வரைக்கும் இந்த கேம் நமக்கு என்ன கத்துக்கொடுத்திருக்கு? அவசரமே கெடையாது, டீ குடிச்சிட்டு வந்து கிளிக் பண்ணாலும் உலகம் நமக்காக நிக்கும்னு கத்துக்கொடுத்திருக்கு. திடீர்னு ஒரே ஒரு எடத்துல மட்டும் டைமிங் வேணும்னா எவனுக்கு தோணும்? இத நான் தம்பிகிட்ட சொன்னதும் அவன் என்னையவே மடக்கினான். "அதத்தாண்ணா நானும் சொல்றேன், அவன் போட்ட ரூல அவனே மாத்துறான், அதுக்கப்புறம் நான் எதுக்கு அவன நம்பி உக்காந்து யோசிக்கணும்?" சரியான கேள்வி. கேம் மேல நம்பிக்க போன பிறகு அடுத்து எங்க மாட்டினாலும், இதுவும் ஆடு மாதிரி ஏதோ கோக்குமாக்கா இருக்கும்னுதான் தோணும், கை தானா போனுக்கு போயிடும்.

டைரக்டர்ஸ் கட்ல அந்த ஆட்ட சுலபமாக்கிட்டாங்க, 2024ல ரீஃபோர்ஜ்ட்னு புதுசா வரஞ்சு விட்டாங்களே, அதுல மாட்டிக்கிட்டா கைகொடுக்குற மாதிரி ஸ்டோரி மோடே வெச்சிருக்காங்க. அதாவது செஞ்சவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

மாட்டுறதுல ரெண்டு சாதி

பழச ஆடுனவங்க எல்லாரும் ஒரு டயலாக் வெச்சிருப்பாங்க, "அப்பல்லாம் நெட்டே கெடையாது, வாரக்கணக்குல மாட்டிக்கிட்டு கெடப்போம், அதான் சுகம்"னு. நானும் ரிச்சி ஸ்ட்ரீட்ல கவரில்லாத சிடி வாங்கி ஆடுன கோஷ்டிதான், அதனால உரிமையோட சொல்றேன், அதுல பாதி சுகம் சும்மா. நெறைய நேரம் நாம மாட்டிக்கிட்டு இருந்தது நம்ம மூள பத்தாம இல்ல, கேம் நம்மள ஏமாத்தியிருக்கும், அதுவே நமக்கு தெரியாது.

கிங்ஸ் குவெஸ்ட் 5 எடுத்துக்கோங்க, 1990. ஒரு எடத்துல ஒரு பூன எலிய துரத்திட்டு ஓடும். அந்த நேரத்துல பழைய பூட்ஸ தூக்கி பூன மேல எறியணும். பூட்ஸ் கையில இல்லையா, இல்ல சும்மா வேடிக்க பாத்துட்டு நின்னீங்களா, எலி செத்துடும், கேம் ஒண்ணுமே சொல்லாது, நீங்க பாட்டுக்கு ஆடிட்டே போவீங்க. ரொம்ப தூரம் தள்ளி உங்கள ஒரு சத்திரத்து நிலவறையில கட்டிப் போடுவானுங்க, அப்ப அந்த எலி உயிரோட இருந்தா வந்து கயித்த கடிக்கும். இல்லன்னா கத முடிஞ்சது, பழைய சேவ் இருந்தா பொழச்சீங்க. இத எப்படிங்க யோசிச்சு கண்டுபுடிக்கிறது? கேப்ரியல் நைட் 3 இன்னும் மேல, 1999. ஒரு பைக்க வாடகைக்கு எடுக்கணும், அது நண்பன் பேர்ல புக் ஆகியிருக்கு, அவன் மாதிரி வேஷம் போட பூன முடிய டேப்ல ஒட்ட வெச்சு எடுத்து, சிரப்ப தடவி மீச வெக்கணும். இதுல கூத்து என்னன்னா அந்த நண்பனுக்கு மீசையே கெடையாது, அவன் பாஸ்போர்ட்ட சுட்டு, அந்த போட்டோல பேனாவால மீச வரையணும். அந்த தொடர்ல முதல் பாகம் அவ்ளோ அருமையான கத, மூணாவத எவனுக்கும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

இந்த கோவம் அப்பவே இருந்துச்சு. அட்வென்ச்சர் கேம் டிசைனர் ரான் கில்பர்ட் 1989லயே இத பத்தி ஒரு கட்டுர எழுதிட்டாரு, சாவு வெச்சு பயமுறுத்தாத, வழிய அடச்சுட்டு சொல்லாம விடாதன்னு. அடுத்த வருஷமே அவரோட தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட் வந்துச்சு. கத்தி சண்டைல ஜெயிக்க கை வேகம் வேண்டாம், எதிராளி திட்டுற திட்டுக்கு சரியான பதில் திட்டு தெரியணும், அந்த திட்டெல்லாம் மத்த கடல் கொள்ளக்காரங்ககிட்ட தோத்து தோத்துதான் கத்துக்கணும். தோக்குறதே படிப்பு. அதே சமயம் இந்த கேம போட்ட கம்பெனி ஒண்ணும் புத்தர் இல்ல, அமெரிக்கால அப்ப காசு குடுத்து போன் பண்ணி விடைய கேக்குற ஹின்ட்லைன் ஒண்ணு அவங்களுக்கு ஓடிட்டு இருந்துச்சு, மங்கி ஐலண்ட் 2ல காட்டு நடுவுல ஒரு போன வெச்சு, ஹீரோவே அந்த ஹின்ட்லைனுக்கு கால் பண்ற மாதிரி காமெடி பண்ணியிருப்பாங்க. சிரிப்பா இருக்கும், ஆனா காசு அவங்களுக்குதான போச்சு.

ஓப்ரா டின்

தம்பியோட இந்த வாக்குவாதம் முடியாம இழுத்துட்டே இருந்துச்சு. பொங்கல் லீவுக்கு வீட்டுக்கு வந்தவன, இத ஆடுடான்னு என் சிஸ்டம்ல உக்கார வெச்சேன், ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூகாஸ் போப் கிட்டத்தட்ட தனியாளா செஞ்சு 2018ல விட்டது. பாத்ததும் மூஞ்ச சுளிச்சான், பழைய மேக் கம்ப்யூட்டர் ஸ்க்ரீன் மாதிரி கறுப்பு வெள்ள புள்ளியா இருக்கும், சாம்பல் கூட கெடையாது. காணாம போன ஒரு வியாபாரக் கப்பல் 1807ல இங்கிலாந்துல ஃபால்மவுத் பக்கம் ஆளே இல்லாம மெதந்து வந்து நிக்குது. நாம கிழக்கிந்தியக் கம்பெனியோட இன்சூரன்ஸ் ஆளு. கப்பல்ல போன 60 பேருக்கு என்னாச்சுன்னு கணக்கு எழுதணும், பேரு என்ன, எப்படி செத்தான், யார் கொன்னா. கையில ஒரு கடிகாரம், பொணத்துகிட்ட அத காட்டுனா அவன் செத்த அந்த நொடி அப்படியே ஒறஞ்சு நிக்கும், நாம அதுக்குள்ள நடந்து சுத்திப் பாக்கலாம். கூடவே ஒரு புக்கு, அதுல எல்லாரும் இருக்குற ஓவியமும், நம்பர், பேரு, வேல, நாடு போட்ட பட்டியலும். நம்ம ஊர்க்காரங்களும் அந்த பட்டியல்ல உண்டு. மூணு பேரோட கத சரியா எழுதினாதான் கேம் சரின்னு ஒத்துக்கும், அதனால குருட்டாம்போக்குல அடிச்சு தப்பிக்க முடியாது.

முதல் கொஞ்ச பேர் சுலபமா போச்சு, யாராச்சும் கேப்டன்னு கூப்புடுறான், யாராச்சும் பொண்டாட்டி பேர சொல்லி கத்துறான். அப்புறம் மாட்டினான். இங்கேர்ந்து கொஞ்சம் ஸ்பாய்லர், ஆடப்போறவங்க அடுத்த தலைப்புக்கு தாண்டிடுங்க. பாய்மரத்துல ஏறி வேல செய்யுற ஆளுங்கள்ல சீனாலேர்ந்து வந்தவங்க நாலு பேரு. எங்கயும் அவங்க பேர யாரும் சொல்ல மாட்டாங்க. பட்டியல்ல நாலு பேரு, படத்துல நாலு மொகம், எது எவன்னு சொல்ல ஒரு நூல் கூட கெடையாதுன்னு தோணும். தம்பி கை போனுக்கு போச்சு. நான் வாங்கி வெக்கலாம் இல்ல, "ஆடு எதுவும் இதுல இல்லடா"ன்னு மட்டும் சொன்னேன். அவன் என்ன நெனச்சானோ, போன கவுத்து வெச்சுட்டு பழைய காட்சிக்கெல்லாம் திரும்ப போக ஆரம்பிச்சான்.

ஒரு காட்சில கப்பலோட அடித்தளம், ஆளுங்க தொட்டில்ல படுத்திருப்பாங்க, தூளி மாதிரி தொங்கும்ல அது. அந்த காட்சிக்கு அவன் ஏற்கனவே வந்து பொணத்த மட்டும் பாத்துட்டு போயிருக்கான். இப்ப சும்மா சுத்தி வந்தவன் ஒரு தொட்டில் பக்கத்துல நின்னுட்டான். ஓரத்துல குட்டியா ஒரு நம்பர் தொங்குது. பக்கத்து தொட்டில்லயும் நம்பர். புக்க திறந்து பட்டியல பாத்தான், அங்கயும் ஆளுக்கொரு நம்பர். "அண்ணா..."ன்னான், அதுக்கு மேல பேச்சில்ல. ஆனா படுத்திருக்கவன் மொகம் தெரியாது, காலு மட்டும் தொட்டிலுக்கு வெளிய நீட்டிட்டு இருக்கும். அப்புறம் என்ன, அந்த செருப்பு, அந்த காலுறைய ஞாபகம் வெச்சுக்கிட்டு மத்த காட்சில எவன் அத போட்டிருக்கான்னு ஒவ்வொருத்தன் காலா குனிஞ்சு பாத்துட்டு அலைஞ்சான். மூணு பேரு சரின்னு புக்குல அச்சு விழுந்தப்ப சத்தம் போட்டு, உள்ளேர்ந்து சித்தி என்னடா என்னடான்னு ஓடி வந்தாங்க.

அந்த நம்பர் அவன் முதல் தடவ வந்தப்பவும் அங்கதான் தொங்கிட்டு இருந்துச்சு. எனக்கு இதுலதான் விஷயம் வெளங்குச்சு. ஆட்டுகிட்ட மாட்டுறதும் மாட்டுறதுதான், இங்க மாட்டுறதும் மாட்டுறதுதான், ஆனா அங்க கேம் ஒளிச்சு வெச்சிருக்கு, இங்க எல்லாத்தையும் நம்ம முன்னாடி விரிச்சுப் போட்டுட்டு நாம பாக்குறதுக்காக காத்துட்டு இருக்கு. முதல் வகைல வாக்த்ரூ பாத்தா ஒண்ணும் நஷ்டமில்ல, தாராளமா பாருங்க. ரெண்டாவதுல பாத்தா காசு போச்சுன்னு அர்த்தம், அதுவும் ஓப்ரா டின்ன ரெண்டாவது தடவ புதுசா ஆடவே முடியாது. தம்பி இன்னமும் ஒத்துக்கல, யார் எப்படி ஆடுனா உங்களுக்கு என்னண்ணாங்கிறான், ப்ரோக்கன் சோர்ட்ட அவன் ஆடி முடிச்ச கேம்தான்னு அடிச்சு சொல்றான். சரி, இருக்கட்டும்.

அப்போ எத ஆடலாம்

அதனால இப்பல்லாம் யாராச்சும் கேட்டா கத எப்படி, கிராஃபிக்ஸ் எப்படின்னு சொல்றதுக்கு முன்னாடி, அதுல எந்த மாதிரி மாட்டுவீங்கன்னு சொல்லிடறேன். பழசுல என் ஓட்டு ரிவெனுக்கு. மிஸ்ட்தான் பேரு வாங்குனது, 1993, மில்லர் அண்ணன் தம்பி ஆரம்பிச்ச சியான் போட்டது, 2002ல தி சிம்ஸ் தாண்டுற வரைக்கும் பிசில அதிகமா வித்த கேம் அதுதான். ஆனா அதுல பாதி எடத்துல லிவர இழு, பட்டன அமுத்துன்னு தனித்தனி பூட்டா இருக்கும். அதோட அடுத்த பாகமா 1997ல அஞ்சு சிடில வந்த ரிவென் வேற தரம். அந்த தீவு ஜனங்களோட எண்ணு நமக்கு தெரியாது, கேம் ஒரு எடத்துலயும் சொல்லித் தராது. ஊருக்குள்ள குட்டியா ஒரு பள்ளிக்கூடம், குழந்தைங்க யாரும் இல்ல, பெஞ்சு மேல ஒரு பொம்ம. திருகுனா ஒரு குறி வந்து நிக்கும், கயித்துல தொங்குற சின்ன மனுஷன் அத்தன தட்டு கீழ எறங்குவான், கீழ வாய தொறந்துட்டு ஒரு கடல் மிருகம் காத்திருக்கு. திருகி திருகி எண்ணிப் பாத்து நாமளே எண்ணு படிக்கணும், ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரி. அப்படியே அந்த ஊர ஆள்றவன் புள்ளைங்களுக்கு எத காட்டி பயமுறுத்தி வளக்குறான்னும் வெளங்கிடும். புதிரும் கதையும் ஒரே பொருளுக்குள்ள இப்படி ஒக்காந்திருக்குறத நான் வேற எங்கயும் இவ்ளோ சுத்தமா பாத்ததில்ல. 2024ல ரீமேக் வந்துச்சு, அழகா இருக்கு, ஆனா கார்டு வேணும். ஒரிஜினல், பழைய அட்வென்ச்சர்ஸ ஓட வெக்குற ஸ்கம்விஎம்ங்கிற சாஃப்ட்வேர போட்டா, எந்த டப்பாலயும் ஓடும்.

இங்கிலீஷ் படிச்சு ஆட சோம்பலா இருந்தா மெஷினேரியம், 2009, செக் நாட்டு அமானிடா டிசைன் போட்டது. வசனமே கெடையாது, ரோபோ தலைக்கு மேல மேகம் மாதிரி படம் ஓடும், அவ்வளவுதான். அதுல ஒரு குறும்பு புடிக்கும் எனக்கு, முழு விடையும் கேமுக்குள்ளயே ஒரு புக்குல இருக்கு, ஆனா அத திறக்க ஒரு மொக்க சுடுற கேம ஆடி ஜெயிக்கணும், அந்த கடுப்புக்கு நாமளே யோசிச்சுடலாம்னு ஆயிடும். ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்லயும் (2022) ஹீரோ பையிலயே குறிப்பு புக்கு குடுத்துடுவாங்க, நீங்க கேட்ட அளவுக்கு மட்டும் சொல்லும், யூடியூப் மாதிரி அடுத்த மூணு சீனையும் சேத்து ஒடைக்காது.

புதுசுல தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல், 2022. ஓப்ரா டின் புடிச்சவங்க அப்படியே இதுக்கு தாவலாம், ஒறஞ்சு நிக்குற கொலக் காட்சி, அதுல கெடைக்கிற வார்த்தைங்கள பொறுக்கி கோடிட்ட எடத்த நிரப்பணும். அவுட்டர் வைல்ட்ஸ் 2019, இதுல சாமான் சேக்குற வேலையே இல்ல, 22 நிமிஷத்துக்கு ஒரு தடவ சூரியன் வெடிச்சு எல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், நமக்கு தெரிஞ்சது மட்டும்தான் மிஞ்சும். இத பத்தி இதுக்கு மேல ஒரு வரி சொன்னாலும் துரோகம். 2025ல எல்லாரும் தூக்கி வெச்சு கொண்டாடுன ப்ளூ ப்ரின்ஸ் மேல எனக்கு கொஞ்சம் மனஸ்தாபம் இருக்கு. தெனமும் அறைங்க மாறுற வீடு, 46வது அறைய கண்டுபுடிக்கணும், யோசன என்னவோ பிரமாதம், ஆனா விட தெரிஞ்ச பிறகும் தேவையான அறை வர மாட்டேங்குது, அது மாட்டுறது இல்ல, க்யூல நிக்குறது.

வெண்பா தனி கேஸ். 2023, டொரண்டோலேர்ந்து விசை கேம்ஸ், கனடாவுக்கு குடியேறுன ஒரு தமிழ் குடும்பம், அம்மாவோட பழைய சமையல் நோட்டுல பாதி எழுத்து அழிஞ்சு போயிருக்கு, மிச்சத்த யூகிச்சு சமைக்கணும். ஒரு சாயந்திரத்துல முடிஞ்சுடும். இட்லி தட்ட எப்படி அடுக்குறதுன்னு வெளிநாட்டு ஆளு உக்காந்து மண்டைய ஒடச்சுக்குற எடத்துல நம்ம வீட்டு அம்மாங்க ரெண்டு செகண்ட்ல போயிடுவாங்க. எங்க அம்மா அப்படித்தான் போனாங்க, போயிட்டு "இதுல என்னடா புதிரு"ன்னு கேட்டாங்க. நியாயம்தான், அவங்களுக்கு அந்த கேம்ல மாட்டுனது வேற எடம், பையன் இங்கிலீஷ்லயே பதில் சொல்ற எடம்.

வரப்போறது

வரப்போற லிஸ்ட்ல நான் காத்துட்டு இருக்குறது ரெண்டு. ஒண்ணு ப்ரோக்கன் சோர்ட் பார்சிவல்ஸ் ஸ்டோன், 2023ல அறிவிச்சாங்க, திரும்பவும் ஜார்ஜும், அவன் கூட துப்பறியுற பத்திரிகைக்காரி நிக்கோவும். இன்னொண்ணு அமானிடாவோட ஃபோனோபோலிஸ், அட்டைல கையால வெட்டி ஒட்டி பெயின்ட் அடிச்ச ஊரு, ஒலிபெருக்கி சொல்றபடி ஜனங்க நடக்குறாங்க, ட்ரெய்லர் பாத்தாலே தெரியும் எவ்ளோ பொறுமையா செஞ்சிட்டு இருக்காங்கன்னு. இந்த மாதிரி சின்ன டீமுங்க சொன்ன தேதிக்கு எப்பவும் வர மாட்டாங்க, அதனால விஷ்லிஸ்ட்ல போட்டுட்டு மறந்துடுங்க, ப்ரீ ஆர்டர்லாம் வேண்டவே வேண்டாம்.

அது வரைக்கும் காசே செலவில்லாம ஒண்ணு வேணும்னா பினீத் எ ஸ்டீல் ஸ்கை இருக்கு. 1994, அதே ரெவல்யூஷன்தான், காமிக்ஸ் ஓவியர் டேவ் கிப்பன்ஸ் வரஞ்சது, 2003லயே இலவசமா விட்டுட்டாங்க. ஸ்கம்விஎம் ஆண்ட்ராய்ட் போன்லயும் ஓடும், பஸ்ல போறப்ப கூட ஆடலாம். நாக்கு நீண்ட ஒரு ரோபோ கூடவே வரும், அது உடம்பு மாறுறப்பல்லாம் பேச்சும் திமிரும் மட்டும் மாறவே மாறாது. சேவ் மட்டும் அடிக்கடி பண்ணிக்கோங்க, அதுல ஒண்ணு ரெண்டு எடத்துல சாவு உண்டு.